ஒருநாள் விட்டு ஒருநாள்

புதிய மருந்துகளைப் பற்றி அண்மைக் காலத்தில் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் பிழைத்தவர்களைப் பற்றியே பேசுகின்றன. அது இயல்பே. ஆயினும் அம்மருந்துகள் விற்பனைக்கு வருமுன்னரே அவற்றை உட்கொண்டு, இடைநடுவில் ஆய்விலிருந்து நீக்கப்பட்டவர்களும் இருந்தனர். என் தங்கை அவர்களுள் ஒருத்தி. அவளுக்கு நேர்ந்ததை அறிந்தவருள் எழுதக்கூடிய நிலையில் நான் ஒருவனே எஞ்சியிருப்பதால், இதனை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

போர்நிறுத்தம் பெயரளவில் மட்டும் நிலவிய காலம் அது. நான் திருகோணமலை நகரின் புறத்தே பாலையூற்றில் வசித்தேன். தங்கை குடாவின் மறுகரையில், தோப்பூருக்கு அண்மையில் உள்ள சிற்றூர் ஒன்றில், கணவனை இழந்தபின் தனியாக வயல் செய்து வாழ்ந்தாள். நகருக்கு வருவதாயின் மூதூரிலிருந்து லோஞ்சி எனப்படும் இயந்திரப் படகில் ஏற வேண்டும். அவளுக்குக் குருதிப் புற்றுநோய். வழக்கமான மருந்து பயனற்றுப் போன வேளையில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புதிதாக உருவாக்கிய குளிகையைப் பற்றிக் கொழும்பு மருத்துவர் எமக்குச் சொன்னார். எந்தக் கடையிலும் அது கிடையாது. ஆய்வில் சேர்பவர்களுக்கு நிறுவனமே வழங்கும். நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மாதந்தோறும் வந்து குருதி கொடுக்க வேண்டும். குளிகை மிஞ்சினால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதற் சில மாதங்களில் கண்ட மாற்றத்தை என்னால் நம்பவே முடியவில்லை. மண்ணீரல் வீங்கிப் புடைத்திருந்த வயிறு வற்றியது. வரப்பில் நடக்கத் தொடங்கினாள். பழைய பகிடிகளும் திரும்பின.

“அண்ணா, எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுதெண்டு ஊரில கதை கட்டினவை. இப்ப அவையளுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.”

அதன்பின் குருதிச் சோதனையின் முடிவுகள் மீண்டும் மோசமாகின. மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார்.

“ஒரு குளிசையும் விடாமல் போடுறீங்களோ அம்மா?”

“ஓம் டொக்டர்.”

“அப்ப மருந்து உங்களுக்கு எடுபடேல்லைப் போல கிடக்கு. அடுத்த முறையும் இப்படியெண்டால் கொம்பனி உங்களை வைச்சிருக்காது.”

பாலையூற்றில் என் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் பக்கத்தில் அக்காலத்தில் பலரிடம் ஒரு பை எப்போதும் கட்டியபடி இருக்கும். அடையாள அட்டை, காணி உறுதிப் பத்திரம், மாற்றுடை. ஓட நேர்ந்தால் அதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கொழும்புக்கும் அவள் அதைச் சுமந்தே வந்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே குளிகைகள்.

“இதென்ன?”

“மிச்சம் பிடிச்சது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டனான்.”

“உனக்கென்ன விசரே? விதைநெல்லே இது, மிச்சம் பிடிக்க?”

“லோஞ்சி நிண்டால் ஆர் கொண்டுவந்து தருவினம்? இவர் எப்பிடிப் போனவரெண்டு மறந்து போனீங்களோ?”

நான் மறக்கவில்லை. முன்னொரு முறை தரையும் கடலும் ஒருங்கே அடைபட்டபோது, நீரிழிவுக்கான இன்சுலின் தீர்ந்துபோய் அவளுடைய கணவர் இறந்தார். அன்று தொட்டு அரிசி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எதுவாயினும் பாதியை ஒதுக்கிய பின்னரே அவள் மீதியைத் தொடுவாள். நாங்கள் எல்லோருமே ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்தோம். மருந்தையும் அவள் அவ்வாறே ஒதுக்கினாள்.

மறுபடியும் கொழும்புக்குச் சென்று உண்மையைச் சொன்னோம். மருத்துவரின் அறையில் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலரும் இருந்தார். கடுமையானவர் அல்லர், எங்களுக்குக் கதிரைகளை இழுத்துப் போட்டவரும் அவரே.

“ஐயா, மருந்து வேலை செய்யுதோ எண்டு பாக்கத்தான் இவ்வளவு பாடும். ஒராள் பாதி போட்டால் எல்லாற்றை முடிவும் பிழையாப் போகும். இனி இவவைச் சேர்க்க ஏலாது.”

“தம்பி, உங்கட பக்கம் பாதை பூட்டுறதில்லையோ?” என்று தங்கை கேட்டாள்.

அவர் தம் கோப்பை மூடினார். பின்னர் மெல்லிய குரலில், “அந்த மிச்சக் குளிசையளைத் தாங்கோ அம்மா. அது கொம்பனிச் சாமான்,” என்றார்.

அவள் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். மருத்துவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “நான் இஞ்சை ஒரு டின்னையும் காணேல்லை. நீங்களும் காணேல்லை.”

அலுவலர் அதன்பின் கேட்கவில்லை.

சில வாரங்களில் மறுகரையில் செல் எனப்படும் எறிகணைகள் விழத் தொடங்கின. லோஞ்சி நின்றது. ஊரவர்களோடு காட்டுவழியே நடந்து, பல நாட்களின் பின் கால்கள் வீங்கிய நிலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பை தோளில் இருந்தது. அன்று தொடக்கம் நாள் தவறாமல் ஒரு குளிகை போட்டாள். “இனி என்னத்துக்கு மிச்சம் பிடிக்கிறது?” என்று மட்டும் சொன்னாள்.

அவள் மீண்டும் தேறினாள். முகத்தில் நிறம் வந்தது. சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து துவிச்சக்கர வண்டியில் மீன் கொண்டுவருபவரோடு விலைக்காக வாய்ச்சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெம்பு வந்தது. அந்நாட்களில் அவளுடைய குருதியை எவரும் சோதிக்கவில்லை. மருத்துவமனை காயப்பட்டோரால் நிறைந்திருந்தது. பின்னர் டின் வெறுமையாயிற்று. மருத்துவர் நிறுவனத்துக்கு இருமுறை எழுதிப் பார்த்தார். விதி விதியே என்று பதில் வந்தது. மாரி முடியுமுன் அவள் இறந்தாள்.

அந்த அலுவலரை நான் வெறுக்கவில்லை. அவர் சொன்ன நியாயம் நியாயமே. நாளையும் பாதை திறந்திருக்கும் என்று நம்பக்கூடியவர்கள் வகுத்த விதி அது. அந்நம்பிக்கை எங்களிடம் இருக்கவில்லை என்பதே இன்றும் என்னை வருத்துவது.

நான் தமிழ் கற்றவன். மருத்துவம் கற்றவன் அல்லன். நோயின் போக்கையோ ஆய்வின் முறையையோ பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்த வேண்டுகிறேன். அந்தக் குளிகையை முதல் நாளிலிருந்தே முழுமையாக உட்கொண்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எவரேனும் இருப்பின், விடை எதுவாயினும் மறைக்காது எழுதுங்கள்.