மூன்று மணிக்குத் தட்டும் சுவர்

"கிள்ளான் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்று மகதலேனா சொன்னதும், இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போதும் என்று சொல்ல டொமினிக் மறந்துபோனான். ரசம் சோற்றைச் சுற்றி வளைத்து மேசைக்கு வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கடையில் மாதம் ஒருமுறை அக்காவும் தம்பியும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம்.

"எந்த வீடு? அந்தப் பேய் வீடா?"

"நம்ம அப்பா வாங்கின வீடு."

"நான் ஏஜன்ட்கிட்ட பேசிட்டேன்க்கா. வாங்குறவன் இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறான். இடிக்கட்டும் லா. அந்த வீட்டுக்கு அதுதான் நல்லது."

மகதலேனாவுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் அட்டெண்டன்ட். படுக்கை மாற்றி, உடம்பு துடைத்து, பேசத் தெம்பில்லாதவர்களுக்குக் கஞ்சி ஊட்டி, மூச்சு நின்றவர்களைக் குளிப்பாட்டி அனுப்பி வைத்தவள். உயிரோடு இருப்பவர்கள் கொடுத்த தொல்லையில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செத்தவர்கள் தனக்குக் கொடுத்ததில்லை என்பாள். கல்யாணம் கூடி வரவில்லை. அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தவளும் இல்லை. இப்போது அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். பதினான்காம் மாடியில், நாளுக்கொரு முறை மக்கர் பண்ணும் லிஃப்டை நம்பி வாழ்ந்தது போதும். கதவைத் திறந்தால் மண்ணில் கால் படவேண்டும், வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கவேண்டும்.

வீடு இருவர் பேரிலும் இருந்தது. தம்பியின் வாயை அடக்கிவிட்டு அவள் குடியேறியிருக்கலாம், அந்தத் தைரியம் அவளிடம் உண்டு. ஆனால் சொந்தம் என்று அவளுக்கு மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் காலெடுத்து வைக்க மறுக்கும் வீட்டில் அவளுக்குச் சோறு இறங்காது.

"இந்த வாரம் போய் சுத்தம் பண்ணிப் பாக்குறேன். சனிக்கிழமை நீ வா. அப்பவும் வேணாம்னா நான் கையெழுத்து போட்டுடுறேன்."

"வாசக் கேட்டு வரைக்கும்தான் வருவேன்" என்றான் டொமினிக். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். அந்த வீட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும் பத்து வயதுப் பையனாகிவிடுவான்.

அந்தப் பேயைக் குடும்பத்துக்கு அறிமுகம் செய்து வைத்ததே அவர்கள் அம்மா பிலோமினாதான். மத்தியானம் மூன்று மணிக்கு அடுப்படிச் சுவரில் மூன்று தட்டு கேட்கும். "பேய் வந்திருச்சு, முன் ரூமை விட்டு வெளிய வரக் கூடாது" என்று பிள்ளைகளை உள்ளே படுக்கப் போட்டுக் கதவைச் சாத்துவாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பள்ளிக்கூடம் தெருவுக்குச் சொன்னது.

பிறகு எழுபத்தாறாம் வருஷம் டெங்கிக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் பிலோமினா போய்விட்டாள். மகதலேனாவுக்கு மத்தியானப் பள்ளி. அப்பா ஹென்றிக்கு ரயில்வே சிக்னலில் வேலை. காலைப் பள்ளி முடிந்து வரும் டொமினிக் ஒண்டியாக வீட்டில் இருப்பான். அம்மா செத்த பிறகும் மூன்று மணிக்குச் சுவர் தட்டியது. ஒரு மாதம் பொறுத்தவன், ஒரு நாள் செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினான். ஜுரத்தில் அவன் உளறியதைக் கேட்ட ஹென்றி, குடும்பத்தைப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பின் கிள்ளான் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் யாரும் ஆறு மாதம் தாக்குப் பிடிக்கவில்லை.

டொமினிக் மனதில் இருந்ததை அக்காவிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான். தட்டியது அம்மா. கதவைத் திறக்கச் சொல்லித்தான் தட்டினாள். அவன் திறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பான், ஒரு வருஷம் தவறியதில்லை.

திங்கட்கிழமை கொமுட்டர் ரயிலேறி மகதலேனா கிள்ளானில் இறங்கினாள். வீட்டின் லட்சணம் பார்க்க வேடிக்கையாக இருந்தது. வாசல் நிலையில், குடியிருந்து போனவர்கள் எல்லோருடைய பயமும் வரிசையாகத் தொங்கியது: காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம், சீனத்து மஞ்சள் காகிதம், அரபு எழுத்துப் போட்ட துணி, ஒரு ஜெபமாலை. ஜெபமாலையை மட்டும் துடைத்து மாட்டினாள். மூன்று நாள் ஒட்டடை அடித்தாள், ஜன்னல் கழுவினாள், பாட்டுப் பாடினாள். ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சுவர் தட்டியது. மூன்று தட்டு.

பொய் சொல்வானேன், மகதலேனா பயந்துதான் போனாள். கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. ஓடலாமா என்று யோசிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. நீண்ட, சளி கட்டிய, எண்பதை நெருங்கிய நெஞ்சின் இருமல். முப்பத்தோரு வருஷம் அந்த இருமலுக்கு வெந்நீர் கொடுத்தவளுக்கு அடையாளம் தெரியாதா? செத்தவர்கள் இருமுவதில்லை. பின்கதவைத் திறந்து சந்து வழியாகப் பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போனாள்.

உள்ளே ஸ்டூலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வீரம்மா. பாந்திங்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தாள்.

"யாரு, பிலோ மவளா? அதே மூக்கு" என்றாள். "ஒக்காரு, டீ கலக்குறேன்."

கதையை வீரம்மாவே சொன்னாள். அவள் புருஷன் ரெங்கசாமி ஒரு சேவல் வளர்த்தார். விடியுமுன்னே கூவித் தூக்கத்தைக் கெடுத்ததால் ஹென்றிக்கு அந்தச் சேவல் ஜென்மப் பகை. ஒரு நாள் சேவல் காணாமல் போனது. ஹென்றி வீட்டுச் சட்டியில்தான் போனது என்று ரெங்கசாமி சொல்ல, பைபிள் மேல் சத்தியம் பண்ணத் தயார் என்று அவர் சொல்ல, இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. பெண்டாட்டிகளும் பேசக்கூடாது என்று இரண்டு பேரும் உத்தரவு போட்டார்கள். பெண்டாட்டிகள் தலையாட்டினார்கள். ஆண்கள் வீட்டில் இல்லாத மூன்று மணிக்குச் சுவரில் தட்டிவிட்டு, பின் சந்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆறு வருஷம், ஒருவருக்கும் தெரியாது.

"உங்கம்மா சிரிச்சான்னா சந்து முழுக்கக் கேக்கும். வாயைப் பொத்தி விடுவேன்."

அம்மா அப்படிச் சிரித்து மகதலேனா பார்த்ததே இல்லை. வேலையும் ஜெபமுமாகவே அவளை நினைவு வைத்திருந்தாள். அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், தினமும் அரை மணி நேரம் சிரித்திருக்கிறாள் என்று கேட்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"இப்பவும் தட்டுறீங்களே ஆன்டி?"

"மூணு மணியானா கை தானா போவுது. குடி வந்தவங்களையும் டீக்குக் கூப்புட்டுப் பாத்தேன். என்ன மனுசங்களோ, ஒருத்தராச்சும் திருப்பித் தட்டல." வீரம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த வீட்டுல பேய் இருக்குன்னு வேற பேசிக்கிறாங்க. அம்பது வருசமா பக்கத்துலயே இருக்கேன், ஒரு சத்தமும் கேட்டதில்ல."

மகதலேனா டீயை வைத்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தம்பியக் கூட்டியா. அவன்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள் கிழவி.

சனிக்கிழமை டொமினிக் வந்தான். சொன்ன சொல் தவறாமல் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, ஏர்கோண்டைக்கூட அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். தட்டியது யார் என்று மகதலேனா குனிந்து நின்று சொல்லி முடித்தாள். அவன் நம்பவில்லை. "அம்மா உயிரோட இருந்தப்ப சரி. செத்தப்புறம்? டீ குடிக்க யாரைக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அதற்குள் கைத்தடியை ஊன்றி வெயிலில் வீரம்மா வந்து சேர்ந்தாள். காலம் காலமாகத் தட்டிய கை, கார்க் கண்ணாடியையும் அதே மாதிரி மூன்று முறை தட்டியது. டொமினிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணாடியை மெல்ல இறக்கினான்.

"டொமினிக்கா? இவ்ளோ பெருசா ஆயிட்டியே." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "உங்கம்மா செத்தப்ப மொகத்தக்கூட நான் பாக்கலய்யா. எங்க வீட்டுக்காரரு என்னைப் போக விடாம கேட்டுலயே நின்னுக்கிட்டாரு. அதுக்கப்புறம் நீ தெனமும் அடுப்படில ஒக்காந்து அழுவுவ. சொவத்துல காதை வச்சா எனக்கு எல்லாம் கேக்கும். பத்து வயசுப் புள்ள, ஒண்டியா. வந்து தூக்க முடியல. அதான் தட்டுனேன். தட்டுனதும் அழுகைய நிறுத்திடுவ. சரி, புள்ளைக்கு ஆறுதலா இருக்குன்னு மறுநாளும் தட்டுனேன். நீங்க வீடு மாறிப் போற வரைக்கும் தட்டுனேன்."

அழுகை எதனால் நின்றது என்று டொமினிக்குக்குத்தான் தெரியும். நாற்பத்தெட்டு வருஷமாக எந்தத் தட்டலை நினைத்து நடுங்கினானோ, அது ஒருத்தி தன்னைத் தூக்க முடியாமல் தவித்த தவிப்பு. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, வெட்கமில்லாமல் அழுதான். வீரம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் தலையைத் தடவினாள்.

"ஆறுதலாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா ஆன்டி" என்றான் டொமினிக். "ரொம்ப ஆறுதலா இருந்துச்சு."

பிறகு எஞ்சினை அணைத்து இறங்கினான். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளி உள்ளே போனான். முன் ரூமைத் தாண்டி, அடுப்படிக்குப் போய், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். மகதலேனா பின்னாலேயே வந்து நின்றாள். அவன் என்ன சொல்வானோ என்று இருந்தது அவளுக்கு.

"திங்கட்கிழமை ஏஜன்ட்கிட்ட சொல்லிடுறேன்க்கா" என்றான் திரும்பாமலே.

"என்னன்னு?"

"வீட்டுல ஆள் இருக்காங்கன்னு."