ஒரே ஒரு தரம் தோய்த்த ஜக்கெட்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. மூன்றிலும் மூன்று தோல் ஜக்கெட்டுகள். ஜக்கெட்டுகளுக்குள் மூன்று பேர் அவிந்துகொண்டிருந்தார்கள்.

தன்னாமுனை வெயிலில் தோல் ஜக்கெட்! ஆனால் நான் ஆச்சரியப்படவில்லை. சண்டை முடிந்து பாதை திறந்ததிலிருந்து இப்படி நிறையப் பேர் வருகிறார்கள். கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். வாவியைப் பார்த்து "என்ன அமைதி!" என்கிறார்கள். அந்த அமைதிக்கு முன்னால் இங்கே என்ன சத்தம் கேட்டது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவோமா?

மூவரில் ஒருவருடைய ஜக்கெட் சிப் வழியில் பிடிக்காமல் போய்விட்டது. ரோட்டோரக் கடையில் விசாரித்திருக்கிறார். தைக்கிற பெட்டை ஒருத்தி இருக்கிறாள் என்று என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். அவர் பெயர் தர்ஷன், ஊர் கொழும்பு.

"தங்கச்சி, புது சிப் போட்டுராதீங்க. இது முப்பது வருசத்துப் பித்தளை சிப். இதையே சரி பண்ண ஏலுமா?"

"ஏலும் அண்ணன். இந்த வெயிலுக்கு இத ஏன் போட்டுக்கிட்டு வாறீங்க?"

"அதுதானே ஸ்டைல்!"

பின்னால் நின்ற கூட்டாளி விட்டாரா? "வேர்த்து வேர்த்து மூணு கிலோ குறைஞ்சிட்டான் தங்கச்சி. டாக்டர் சொல்லியும் குறையாத உடம்பு!"

நானும் சிரித்தேன். குறட்டால் சிப்பின் தலையை மெல்ல நெரித்து இழுத்துப் பார்த்தேன். ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் தர்ஷன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. என் மெசினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஆணியில் ஒரு நீல ஜக்கெட் தொங்குகிறது. தடித்த பருத்தித் துணி. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற மாதிரி நாலு பெரிய பொக்கெட். நங்கூரம் அடித்த பித்தளைப் பட்டன்கள்.

"தொடலாமா?" என்று கேட்டார். கோயிலில் கேட்பது போல.

தொட்டார். தையலைத் தடவினார். "மச்சான், இங்க பாரு... மூணு வரித் தையல். பட்டனப் பாரு, நேவிப் பட்டன். இந்தக் கலரப் பாருடா! தோளில வெள்ளை, மடிப்பில நீலம். கடையில கல்லப் போட்டு உரசி உரசி எடுத்தாலும் இப்பிடி வராது." பிறகு என் பக்கம் திரும்பி, "இது எப்பிடி வந்தது தங்கச்சி? இதக் கழுவவே இல்லைதானே?"

"ஒரே ஒரு தரம் தோய்ச்சிரிக்கன்" என்றேன்.

"ஐயையோ!" என்று தலையில் கை வைத்தார். "ஒரு தரம்கூடத் தோய்க்கக் கூடாது!"

எனக்குத் தெரியாதா?

அது ஜீவா அண்ணனுடைய ஜக்கெட். நாங்கள் கல்லடிக் கடற்கரையில் இருந்த காலத்தில் தோணி எஞ்சின் திருத்தினவன். எனக்கு ஒரே அண்ணன். மற்றப் பெடியன்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். இவன் சந்தையில் பழைய உடுப்புக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பான். வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழித்தவை. அதற்குள்ளிருந்துதான் இதைக் கிண்டி எடுத்தான். கொலருக்குள் மையால் எழுதிய ஒரு பெயர், பாதி அழிந்து.

"இவன் கப்பல்ல எஞ்சின் பாத்தவன் புள்ள. என்னப் போல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கைப்பக்கம் எண்ணெய் ஊறின மாதிரியப் பாரன்."

"அவன் செத்திரிப்பானோ?"

"செத்தா என்ன? உடுப்பு நிக்கிதே. அப்பிடித் தைச்சிரிக்கான்."

சோதனைச் சாவடியில் அந்தப் பட்டன்களைப் பார்த்து "நேவியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். கழற்றி உதறிக் காட்டச் சொல்வார்கள். இவன் உதற மாட்டான். கலியாணச் சேலையைக் கொடுப்பது போல மடித்துக் கொடுப்பான்.

தோய்க்கவும் விடமாட்டான். உடம்போடு கிடந்து, வேர்வையும் உப்பும் பட்டு, மடிப்பு தானாக விழ வேண்டுமாம். நாலு வருசம் அப்படிப் போட்டான். பக்கத்தில் இருந்து சாப்பிட ஏலாது.

சுனாமிக்கு முதல் நாள் சனிக்கிழமை. மறுநாள் கிரானில் இருந்து பொம்பிளை வீட்டார் அவனைப் பார்க்க வர இருந்தார்கள். "இந்த ஊத்தையக் கொடியில கண்டா ஆர் பொம்பிள தருவாங்க? தோய்ச்சுப் போடு மகள்" என்று அம்மா சொன்னா. அவன் அதைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு கட்டி சவுக்காரம் முழுக்கக் கரையத் தோய்த்தேன். தண்ணீர் கறுப்பாகப் போனது. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வந்து பார்த்தான். கத்தவில்லை. "நாலு வருசம் புள்ள..." என்றான். அவ்வளவுதான். சாப்பிடவில்லை, என்னோடு கதைக்கவில்லை.

மார்கழி மழைக்காலம். அந்தத் துணி ஒரு நாளில் காயுமா? ஞாயிறு காலையிலும் ஈரத்தோடு கொடியில் கிடந்தது.

கடல் வந்தபோது அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை ஒரு கையில் இழுத்துக்கொண்டு ஓடினான். ஒரு மாடி வீட்டின் மேல் ஏற்றிவிட்டான். கீழே முழங்கால் அளவு தண்ணீர். கொஞ்சம் வற்றுவது போலவும் இருந்தது. அப்போதுதான் என்னிடம் கதைத்தான், கோபத்துக்குப் பிறகு முதல் தரம்.

"ஜக்கெட் கொடியில கிடக்கு. எடுத்துக்கிட்டு வாறன்."

அடுத்த தண்ணீர் பனையளவு வந்தது.

மூன்றாம் நாள் ஜக்கெட் கிடைத்தது. வாவிக் கரையில் ஒரு முள்ளுக்கம்பி வேலியில், கைகளை விரித்துக்கொண்டு. அண்ணன் கிடைக்கவில்லை. ஐந்தாவது வருசம் நடக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை.

தர்ஷன் அண்ணனுக்கு இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை. "நான் தோய்ச்சன். கடலும் தோய்ச்சிச்சு. அதுதான் இந்தக் கலர்" என்றேன். பிறகு அண்ணன் திரும்பிப் போனதை இரண்டு வரியில் சொன்னேன். மூன்று பேரும் ஜக்கெட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். தர்ஷன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது... பொய் இல்லை.

ஆனால் போகும்போது திரும்பி நின்று கேட்டாரே! "எப்பவாவது குடுக்கிற யோசனை வந்தா எனக்குத்தான் சொல்லோணும், என்ன?"

இதுதான் எனக்கு விளங்கவில்லை. வேலை செய்கிறவனின் உடுப்பு வேண்டும், வேலை வேண்டாம். கப்பல்காரன் பட்டன் வேண்டும், கடல் வேண்டாம். அடிபட்ட அடையாளம் இருந்தால் விலை கூட, அடிபட்டவன் குறுக்கே வரக் கூடாது. இப்படி எழுதும்போது கை நிற்கிறது. எங்கள் அண்ணனும் இதே கூட்டம்தானே? அந்தக் கொலருக்குள் இருந்த பெயருக்கு ஒரு தங்கச்சி இருந்தாளோ என்று அவன் ஒரு நாளாவது யோசித்தானா? இத்தனை வருசத்தில் அந்த ஜக்கெட்டை அண்ணன் தடவினது போல் தடவின ஒரே மனிதன் இந்தக் கொழும்புக்காரர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிய பிறகு அம்மா குசினி அடுப்படியிலிருந்து வந்தா. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாமான் விலை கதைப்போம், கரண்ட் கதைப்போம், ஜக்கெட்டை எறியச் சொல்லிச் சண்டையும் பிடிப்போம். யார் தோய்க்கச் சொன்னது என்பதை மட்டும் இத்தனை வருசமாக இரண்டு பேரும் தொடவே இல்லை.

அம்மா என் மெசின் பக்கத்தில் நிலத்தில் வந்து குந்தினா.

"அந்தப் பெடியனுக்கு, நான் தோய்ச்சன் எண்டாய்."

"ஓம்."

"நான் சொல்லித்தானே மகள் தோய்ச்சாய்?"

இந்த ஒரு வரிக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? அம்மா தானாகச் சொல்ல வேண்டும் என்று. சொன்னதும் கட்டிப்பிடித்து, "இல்லம்மா, கடல் செய்த வேலைக்கு நீங்க என்ன செய்வீங்க" என்று அழ வேண்டும் என்று. எல்லாம் மனதில் பாடமாக வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன பாடம் இருந்தது?

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"ஓம்மா. நீங்க சொல்லித்தான்" என்றேன்.

உங்களில் யாராவது என் இடத்தில் இருந்து "இல்லை" என்று சொல்லியிருந்தால், அதை எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.