விளக்கு வைத்த நேரத்து இங்கிலீஷ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷமாக யோசித்தேன். எட்டாவது படித்தவன் இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்ற கூச்சம். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு.

அப்போது என் மருமகள் முழுகாமல் இருந்தாள், நாலாம் மாதம். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு அந்த வேலை மேல் ஆசை.

ஒரு சாயங்காலம் நான் சாமி மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்தாள்: “ஐ கட் மைசெல்ப். ஐ பர்ன்ட் மைசெல்ப்.”

“இன்னாம்மா அது?”

“நான் என்னையே வெட்டிக்கினேன், என்னையே சுட்டுக்கினேன்னு அர்த்தம் மாமா. செய்றதும் நாம, படுறதும் நாமன்னா மைசெல்ப் போடணும்.”

விளக்கு வைக்கிற நேரத்தில் நாம் சொல்வதற்கெல்லாம் மேலே போகும் தேவதைகள் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிடும். அதுவும் இவள் பிள்ளைத்தாச்சி.

“அந்தப் பேச்சு வேணாம்மா.”

“தேவதைங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா மாமா?” என்று சிரித்தாள்.

“உனக்கே தெரியுது, அவங்களுக்குத் தெரியாதா?”

அடுப்படியிலிருந்து என் மனைவி, “உங்க மாமா அவரையே வெட்டிக்கினார்னு மாத்திப் படியேன். வூடு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்” என்றாள்.

மருமகள் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு வாய்விட்டுப் படிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். “போர்டுல எழுதிட்டேன் மாமா. படிச்சிக் காட்டுங்கன்னாங்க. கை தன்னால வயித்து மேல போயிடுச்சி. வாய் வரல.”

வேலை வேறொருத்திக்குப் போயிற்று. குழந்தை சுகமாகப் பிறந்தது. உன் பக்திதான் காப்பாற்றியது என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார்கள். மருமகள் அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

நான் தடுத்ததால்தான் குழந்தை நல்லபடி பிறந்ததா, தடுக்காவிட்டாலும் பிறந்திருக்குமா? அம்மன் சன்னதியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்பொட்டலம் போட்டுக் கேட்டேன். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் நான் தடுத்தது சரி என்று நினைத்துப் போட்டேனா, தப்பு என்று நினைத்துப் போட்டேனா என்பது பிரித்துப் பார்த்த பிறகு மறந்துவிட்டது. மறுபடி கேட்கத் தைரியம் இல்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.