தொடாமல் பார்த்த தெப்பம்

மாட்டெலும்புச் சூப்பில் மிதக்கும் இரண்டு கொழுப்பு வட்டங்களைச் சாப்பாட்டுக் குச்சியின் நுனியால் நெருக்கிக்கொண்டிருக்கிறார் பியோன் மிரான். இரண்டும் ஒட்டி ஒன்றானதும் முகத்தில் ஒரு நிறைவு. உடனே அடுத்த ஜோடியைத் தேடுகிறார்.

"விளையாடி முடிச்சா குடிக்கலாம்ல?" என்கிறார் சுன்நிம். தென்கொரியாவின் குவாங்ஜூ நகரில், பல்கலைக்கழகம் ஒன்றின் பின்வாசலில் சூப்புக்கடை வைத்திருப்பவர்.

"விளையாட்டு இல்லக்கா, வேலை."

"நல்ல வேலைதான். எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

உண்மையில் வேலையேதான். மிரான் புற்றுநோய் ஆய்வாளர். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது. அதில் கொலஸ்ட்ரால் செறிந்த குட்டித் தெப்பங்கள் மிதக்கின்றன என்கிறார்கள். 'வளர், பெருகு' என்று வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் புரதங்கள் அந்தத் தெப்பங்களில் கூடி உட்கார்ந்து உள்ளே கடத்துமாம். மார்பகப் புற்றுச் செல்லில் அந்தக் கூட்டம் கலைவதே இல்லை என்பது மிரானின் கட்சி. கொலஸ்ட்ராலை உருவிவிட்டால் தெப்பம் கரையும், சேதியும் அடங்கும். "ஆளை அடிக்க வேண்டாம், கூட்டத்தக் கலைச்சாப் போதும்" என்பார்.

ஆகஸ்ட் புழுக்கத்தில் ஊரே விசிறிக்கு முன்னால் கிடக்கும்போது, இவர் முழங்கால் வரை தொங்கும் பஞ்சுக் கோட்டோடு குளிரறைக்குள் நிற்பார். செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, சோப்புக் கரைசலில் கரைத்து, சர்க்கரைக் கரைசலுக்கு அடியில் விட்டு அசுர வேகத்தில் சுழற்றினால், கரையாத தெப்பங்கள் மேலேறி வெள்ளை வளையமாக நிற்கும். சுழற்றும் நாளில் கடற்பாசிச் சூப்பைத் தொடமாட்டார். வழவழப்பான அதைக் குடித்தால் பரீட்சையிலும் வழுக்கிவிடும் என்று கொரியப் பிள்ளைகள் ஒதுக்குவார்களே, அதே பயம். அந்த ஊரில் பிறந்தநாள் என்றாலே கடற்பாசிச் சூப்புதான்; தன் பிறந்தநாளுக்கு அம்மா வைத்ததைக்கூட ஒதுக்கியிருக்கிறார். இத்தனை படித்த மனுஷி!

ஆறு வருட உழைப்பு அந்த வெள்ளை வளையம். வசந்தத்தோடு முடியும் வேலை ஒப்பந்தம் நீள வேண்டுமானால், அதை வைத்து எழுதிய கட்டுரை வெளிவர வேண்டும். எழுதி முடித்தாயிற்று, அனுப்புவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் சூப்புக் கிண்ணம் அவரை உறுத்தத் தொடங்கியது. சூடாக வந்தபோது தனித்தனியாக ஓடிய வட்டங்கள், ஆறியதும் ஒரே தகடாகிவிடுகின்றன. செல் வாழ்வதோ உடம்புச் சூட்டில். தெப்பத்தைக் கண்டுபிடித்தோமா, குளிரில் வைத்து நாமே கட்டிவிட்டோமா? இந்தத் துறையில் இது பழைய கேள்விதான். ஆனால் எல்லோரும் அடுத்தவர் ஆய்வைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

"வளையம் பளிச்சுன்னு இருக்கு. அத ஏம்மா போட்டு நோண்டற?" என்றார் ஆய்வகத் தலைவர், பேராசிரியர் மேங்.

"உடம்பு ஃப்ரிட்ஜுக்குள்ள இல்லையே சார்."

"இப்படியே போனா நீ இந்த வேலையில இருக்க மாட்ட, பாத்துக்கோ."

மிரான் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டினார். புரதங்களை ஒளிரச் செய்து, உயிருள்ள செல்களை உடம்புச் சூட்டிலேயே நுண்ணோக்கியில் வைத்தார். கூட்டமாவது ஒன்றாவது! புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரிந்தன. வளர்ச்சிச் சேதியைச் சுமக்கும் கரைசலை ஒரு சொட்டு விட்டதும், நாலைந்து புள்ளிகள் நெருங்கின, நின்றன, கலைந்தன. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆக, கூடுவது நிஜம். கலையாத கூட்டம் மட்டும் குளிரின் கைவரிசை.

கட்டுரையை அனுப்பப் போவதில்லை என்று மேங்கிடம் சொன்னபோது அவர் கணினிப் பக்கம் திரும்பித் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். வேலை நிலைக்குமா என்று மிரானுக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளிகள் எதற்காக நெருங்கின, எது அவற்றைக் கலைத்தது என்ற கேள்வி பயத்தைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கிறது.

அன்று மத்தியானம் கடையில் யோசனையிலேயே இருந்ததில் சூப்பு ஆறி, மேலே வெள்ளைத் தகடு படிந்துவிட்டது. கிண்ணத்தை நீட்டினார்.

"கொஞ்சம் சூடு பண்ணித் தாங்கக்கா."

"அதிசயமா இருக்கே. இன்னைக்கு விளையாட்டு கிடையாதா?"

ஆவி பறக்கக் கிண்ணம் திரும்பி வந்தது. தகடு கரைந்து, வட்டங்கள் மறுபடி தனித்தனியாக ஓடின. மிரான் குச்சிகளை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, கிண்ணத்தின் மேல் குனிந்து, அவை தாமாக நெருங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.