குளிர் வரட்டும் என்று ஜெபித்தேன்

பிள்ளைப்பாக்கம் சபையாருக்குத் தோத்திரம். முன்வரிசையில் இருக்கும் சிலருக்கு நான் சொல்லப்போவது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த 1991 ஆடியில் எனக்குக் குளிர்காய்ச்சல் திரும்ப வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், மதியமானால் பல் தந்தியடிக்கும். போன வருஷம் மலேரியா வந்து தணிந்ததுமே இதே மேடையில் என்னைச் சாட்சி சொல்ல வைத்தார்கள். "சுகம்னு சாட்சி சொல்லிட்டு மாத்திரை முழுங்கினா அவிசுவாசம்" என்று சபை மூப்பர் மிச்ச மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். இப்போது அதே மனிதர் என் வீட்டுக்கு வந்து, "இன்னா பாவம் செஞ்சே, ஒத்துக்க" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயசான விதவை, கேட்க ஆளில்லை என்ற நினைப்பு!

நடுங்கும் நாளில் பஸ் ஏற முடியாது. நடுக்கமில்லாத நாள் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ரத்தத்தில் ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உடம்பு துரும்பாகிவிட்டது. செத்தால் என் பெட்டி பக்கத்தில் நின்றும் பாவி என்பார்களே என்று அழுதேன்.

ஒரு லேடி டாக்டர் மட்டும், "குளிர் வர்ற நாள்ல வாம்மா. நடுங்கறப்போ ரத்தம் எடுக்கணும்" என்றார். குளிர் வரவேண்டிய நாளில் கிளம்பும்போது மூப்பர் வழி மறித்தார். "எனக்குப் பதிலா நீ நடுங்குறியா? வழிய வுடுய்யா" என்றேன்.

காலையிலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். மதியம் தாண்டியது. பாழாய்ப்போன குளிரைக் காணோம்! டாக்டர் கிளம்பப் பையை எடுத்தார். "நல்லாத்தானே கீறே, வூட்டுக்குப் போம்மா" என்றாள் ஆயா. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இதை எடுத்துப்போடும்னு எத்தனை தரம் அழுதேன். இப்போ அனுப்பும். இங்கேயே அனுப்பும்."

முதுகு சிலிர்த்தது. பெஞ்சே ஆடியது. டாக்டர் ஓடி வந்து விரலைக் குத்தினார். ரத்தத்தைச் சோதித்தால், மலேரியாதான். "பழசுதான் ஈரல்ல ஒளிஞ்சிருந்து வந்திருக்கு. போன தடவ மாத்திரையை முடிக்கல, இல்ல?" என்றார். நடுங்கிக்கொண்டே நான் தோத்திரம் சொன்னேன். சந்தோஷத்தில் அழுகையாக வந்தது.

இரண்டு மாத்திரை போட்டதும் குளிர் விட்டது. உடனே சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். கடைசி மாத்திரை வரை விழுங்கி, மழைக்காலமும் காய்ச்சலில்லாமல் கழிந்த பிறகுதான் வந்து நிற்கிறேன்.

என் தேவன் ஜெபம் கேட்கிறவர். அவரை நம்புங்கள். உங்களில் யாருக்காவது காய்ச்சலென்றால் மூப்பரிடம் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள். ஜெபமும் பண்ணுகிறேன், ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸும் ஏற்றிவிடுகிறேன்.