வஞ்சிபாளையம் ஸ்டேஷன் சீர்த்தட்டில் போன கதை

லிங்கசாமி எனக்கு மகன் முறை. அவனுடைய அப்பன் ஆறுமுகசாமியும் நானும் அக்கா தங்கை வயிற்றில் பிறந்தவர்கள். லிங்கசாமிக்கு ஒரே தங்கை, சாரதாமணி. அவளை அவிநாசியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். லிங்கசாமி முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் மனைவி கோமளா சாமளாபுரத்துப் பெண். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கம்பெனி முதலாளியின் மகனுக்கு பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் பொம்மை ரயில் ஒன்று கொடுத்திருந்தார். பேட்டரி இஞ்சின், பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். பையன் ஹாஸ்டலுக்குப் போனதும், "ஆருக்காச்சும் குடுத்துருங்க மாஸ்டர்" என்று முதலாளி லிங்கசாமியிடம் தந்துவிட்டார். அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டுப் பின்னறையில் பலகை விரித்துத் தண்டவாளத்தைப் பூட்டினான். ரயில் சுற்றியது. நிற்க ஒரு இடம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கொரு ஸ்டேஷன் கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

ஒன்றோடொன்று செருகுகிற பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டினான். திருப்பூரை அடுத்த சின்ன வஞ்சிபாளையம் ஸ்டேஷன்தான் அளவெடுக்கத் தோதாக இருந்தது. டேப்போடு போய் நிற்பான். யாராவது கேட்டால், "சொந்தக்காரர் வர்றாருங்க" என்பான். சட்டைக்கு வெட்டுகிற மாதிரியே முன்பக்கம், பின்பக்கம், கூரை என்று அட்டையில் பேட்டர்ன் வெட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் கட்டைகளை அடுக்கினான். துணி சுருங்கும் என்று இரண்டு நூல் அளவு கூட்டி வெட்டுகிறவன் அல்லவா, பெட்டி உரசக்கூடாது என்று பிளாட்பாரத்துக்கும் அப்படியே இடம் விட்டான்.

கட்டை வாங்கக் கோயமுத்தூர் போவான். "பையனுக்கு என்ன வயசுங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "ஏழுங்க" என்றான். அடுத்த வருஷம் அவரே ஞாபகமாகக் கேட்டபோது "எட்டு" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டான். பின்னால் கோமளா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

திருப்பூர் தனி மாவட்டமான வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரதாமணியின் மாமியார் குழந்தையம்மாள் சொல்லாமல் வந்தாள். பேத்தி தேஜஸ்ரீக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள், நாள் சொல்ல வந்தவள். கோமளா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பின்னறைக் கதவைத் தள்ளிவிட்டாள். உள்ளே லிங்கசாமி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு, ரயிலுக்காக வாயால் ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏனுங் மாப்ள, குழந்தையில்லாத ஊட்ல ஆருக்குங்க ரயிலு?"

அவனுக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. செம்போடு வந்த கோமளாதான் முந்திக்கொண்டாள். "உங்க பேத்திக்குத்தானுங்கத்தை. மாமன் சீருக்குன்னு செய்யறாங்க."

"அட சாமி, வாயத் தொறக்கவே இல்லியே" என்று குழந்தையம்மாள் குளிர்ந்து போனாள்.

புருஷன் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன சொல்தான். ஆனால் எங்கள் பக்கம் சீர் என்று வாய் விட்டுவிட்டால் விட்டதுதான். சீருக்கென்று சொன்ன பொருளை வீட்டில் வைத்துக்கொள்கிறவனை மாமன் என்று யாரும் மதிக்கமாட்டார்கள். அவிநாசி போய்ச் சேர்வதற்குள் குழந்தையம்மாள் வழியெல்லாம் சொல்லிவிட்டாள்.

"வேற என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்று கோமளா அழுதாள்.

"உடு அம்மிணி. நெசத்தச் சொல்ல எனக்கு வாய் வந்துதா?" என்றான் அவன்.

காதுகுத்து அன்று கோயிலுக்கு நாங்கள் சீர் எடுத்துப் போனோம். பழம், துணி, கொலுசுத் தட்டுகளுக்கு முன்னால் லிங்கசாமி அந்த ஸ்டேஷனைத் தலையில் சுமந்து போனான். மஞ்சள் பெயர்ப்பலகை, பெஞ்சு, கூரைக் கம்பி, ஒன்று குறையவில்லை. மேளக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"பொட்டப்புள்ளைக்கு ரயிலு ஸ்டேஷன் குடுத்த மாமன இப்பத்தான் பாக்கறன்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

மொட்டை எடுத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை திமிறி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. பையிலிருந்து ஏதோ நழுவிக் கல்தரையில் விழுந்தது. ரயில் இஞ்சின். விழுந்த வேகத்தில் சுவிட்ச் தட்டி, விளக்கு எரிய, எல்லோர் காலுக்கும் நடுவே கரகரவென்று ஓடிச் சீர்த்தட்டில் முட்டி நின்றது.

மேளம் நின்றுவிட்டது.

"சீர்ல ஒளிச்சு வெக்கற மாமனுங்களா?" என்றாள் குழந்தையம்மாள்.

லிங்கசாமியின் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "ஸ்டேஷனு எனக்குன்னு செஞ்சதுங்கத்தை. சீருக்கில்லீங்க" என்றான். "இஞ்சினயும் குடுக்க மனசு வரலீங்க."

"சீருன்னு பொய் சொன்னது நாந்தானுங்க" என்று கோமளா முன்னால் வந்தாள்.

எனக்கே அங்கே நிற்கக் கூசியது. அவன் பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, இஞ்சினை எடுத்துத் துடைத்து, ஸ்டேஷன் வாசலில் வைத்தான். மறுபடியும் மடியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஆசாரியைப் பார்த்து, "குத்துங்க" என்றான்.

அதற்கப்புறம் வெகுநாள் அவன் அவிநாசிப் பக்கம் போகவில்லை. தண்டவாளத்தையும் பெட்டிகளையும் ஆள் மூலமாகவே அனுப்பி வைத்தான். கம்பெனியிலும் தலை நிமிராமல் வெட்டினான். கடைசியில் சாரதாமணியே போன் செய்தாள்.

"அண்ணா, இந்த ரயில ஓட்ட இங்க ஒருத்தருக்கும் தெரியலீங்க. ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிக் காட்டுங்க."

"சின்னப் புள்ள. அதுக்கு என்ன தெரியும் அம்மிணி?"

"தெரியாட்டிப் போகுது. வாங்க."

போனான். முதல் தடவை கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினான். சாரதாமணி வந்து திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஒருநாள் அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி உறைமோர் கேட்டு வந்தாள். உள்ளறையில் பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது. தரையில் ஒரு வளர்ந்த ஆம்பிளை குப்புறக் கிடக்கிறான்.

"ஏனுங்க, அது ஆருங்க?" என்றாள்.

"எங்கண்ணனுங்க. ரயிலு ஓட்டறாங்க" என்றாள் சாரதாமணி, மோரை ஊற்றிக்கொண்டே.

லிங்கசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. ரயில் வஞ்சிபாளையத்துக்குள் வந்துகொண்டிருந்தது.