சீனியில் ஒரு தீவு

நாலைந்து பொட்டலங்களைக் கிழித்துச் சீனியை மேசையில் கொட்டுகிறார். உள்ளங்கையால் பரப்பி, கோப்பி கலக்கும் குச்சியால் ஓரங்களைத் திருத்துகிறார். மதியப் பிரேக்கில் நீக்கிலாப்பிள்ளை அண்ணை டென்மார்க்கின் லோலன்ட் தீவை உண்டாக்குவது இப்படித்தான். கனடாவுக்கு வருமுன் அவர் அகதியாக இருந்த இடம் அது. அஜின்கோர்ட்டில் நாங்கள் பிஸ்கட் அடைக்கும் தொழிற்சாலையில் அந்தத் தீவை அறியாதவர் இல்லை.

“அண்ணை, இண்டைக்கு எத்தினையாம் நூற்றாண்டு?” என்பான் போர்க்லிப்ட் ஓட்டும் கீதன்.

“உன்ரை மண்டைக்குள்ளை இன்னும் கற்காலந்தான். பேசாம இரு.”

கதை மீன் பிடித்துத் தின்றவர்களிடம் தொடங்கும். அவர்களில் ஒருத்தி மென்று துப்பிய மரப்பிசின் சேற்றுக்குள் கிடந்ததாம். அதை வைத்தே அவள் எப்படியிருந்தாள் என்று கண்டுபிடித்தார்களாம். “கறுப்பி. எங்கடை நிறந்தான்,” என்று தன் முழங்கையைத் தட்டிக் காட்டுவார். “கண் மட்டும் நீலம்.”

பிறகு உழவர்கள் வருவார்கள். அவர்கள் பெரும் பாறைகளை நிறுத்திச் செத்தவர்களுக்குக் கல்லறை கட்டினார்கள். அதற்கு ஒரு சிறு குவியல் வைப்பார். குச்சியை ஏர்போல நேராக இழுத்து வந்து, குவியலைச் சுற்றி வளைத்துப் போவார்.

“அஞ்சாயிரம் வருசம். இண்டைக்கும் டிராக்டர் சுத்தித்தான் போகவேணும். தொடேலாது. சட்டம்.”

பிரபுக்களின் காலத்தில் குடியானவன் பிறந்த இடத்தை விட்டு நகர முடியாது. அதைச் சொல்லும்போது குரல் இறங்கும். கடல் உள்ளே வந்த வருடத்துக்குத் தேநீரில் ஒரு சொட்டு விடுவார். தெற்குக் கரை கரைந்துபோகும். பிறகு அணை, சீனி எடுக்கும் பீட்கிழங்கு, அதைப் பிடுங்கப் போலந்திலிருந்து கூட்டிவந்த பெட்டைகள், சீனி ஆலையின் புகைபோக்கி. அந்த ஆலையில் அவரும் வேலை செய்தவர். அதோடு கதையை நிறுத்திவிடுவார்.

ஆலைக்குப் பிறகு வருவது அவர் மனைவி மக்டலீனின் சாவு. அவளை அந்தத் தீவின் சேமக்காலையில்தான் அடக்கம் செய்தார். “நான் செத்தா அவளுக்குப் பக்கத்திலை வையுங்கோ,” என்று மகனிடமும் எங்களிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை உழவர்கள் வரை வந்தபோது போன் அடித்தது. அவர்களோடு அகதியாக இருந்து, இன்னும் அந்தத் தீவிலேயே இருக்கும் எமில்டா. அண்ணைக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“அண்ணை, பூ வைக்கப் போனனான். அக்கான்ரை கல்லைக் காணேல்லை. சல்லிக்கல்லுப் போட்டு வாரி விட்டிருக்கினம்.”

“இடம் மாறிப் போனியோ பிள்ளை?”

“இல்லை அண்ணை. தவணை முடிஞ்சுதாம். குழியிலை அறிவித்தல் குத்தி வைச்சவையாம். ஒருத்தரும் வரேல்லையாம். அந்த இடம் இனி வேறை ஆக்களுக்காம்.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“பாதர் அப்பவே சொன்னவர், குழி இருபது வருசத்துக்குத்தானெண்டு. நான் ஓமெண்டு தலையாட்டினன். அதுக்கிடையிலை சண்டை முடிஞ்சிடும், எலும்பை ஊருக்குக் கொண்டு போயிடலாமெண்டு நினைச்சன். பிறகு... அங்கையே கிடக்கட்டும், நானும் வாறன் எண்டு விட்டிட்டன்.”

கீதன் மெதுவாக, “மிச்சத்தைச் சொல்லுங்கோ அண்ணை,” என்றான்.

பிரேக் முடிந்த மணி அடித்தது. அண்ணை ஈரத்துணியை எடுத்தார். தெற்குக் கரையைத் துடைத்தார். உழுத வயலையெல்லாம் துடைத்தார். அந்தச் சிறு குவியலிடம் வந்ததும் அவர் கை வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு போனது.